முந்நூறாம் முகவரி

தொழிற்சாலைக்குள் என்னை "மேடம்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று என் மகளிடம் நான்தான் சொல்லியிருந்தேன். அவள் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் நாள், கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது சொன்னேன்.

"வீட்டுக்கு வந்தா?"

"வீட்ல அம்மா."

"பஸ்ல?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவள் சிரித்தாள். பஸ்ஸில் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், தோளைத் தட்டியே பேசிக்கொண்டு வந்தாள்.

இது ஓசூரில், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். பொறியியல் முடித்தவர்கள் வேலைக்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த காலம். அவளுக்கு பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் இடம் கிடைப்பதாக இருந்தது. நான் விடவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனாலும் அத்திப்பள்ளி சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் அவள் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், நான் பொறுப்பாளராக இருந்த பிரிவிலேயே, என் கண்ணெதிரிலேயே அவளை உட்கார வைத்தேன். அவள் அப்பா மட்டும், "உன் கண்ணு முன்னால இருந்தா எதுவும் ஆகாதா?" என்று கேட்டார். ஆகாது என்றுதான் அப்போது நம்பினேன்.

எங்கள் பிரிவில் ஆறு பெஞ்சுகள். வண்டிகளுக்கான பிரேக் சிலிண்டரை ஒரு தாங்கியில் வைத்தால், மேலிருந்து ஒரு க்ளாம்ப் காற்றழுத்தத்தில் இறங்கி அதை இறுக்கிப் பிடிக்கும். பிறகு உள்ளே காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் பார்க்கும். க்ளாம்ப் இறங்க வேண்டுமானால் ஆபரேட்டர் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போது கை தாங்கிக்குள் இருக்க முடியாது. ஆனால் பட்டனின் கம்பி நேராக க்ளாம்ப்புக்குப் போகவில்லை, கம்ப்யூட்டருக்குப் போனது. இரண்டு பட்டனும் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்து, க்ளாம்ப்பை இறக்கும் மின்சுவிட்சான ரிலேயைத் தட்டச் சொல்லி ரிலே கார்டுக்குக் கம்ப்யூட்டர்தான் கட்டளை கொடுக்கும். பல வருடங்களாக அப்படித்தான் ஓடியது. யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

ஒவ்வொரு சிலிண்டரின் சோதனை முடிவும் உடனுக்குடன் ஓர் இடத்தில் சேர வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டபோதுதான் எல்லாம் மாறியது. பழைய கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் கார்டு செருகினோம். இயங்குதளத்தை லினக்ஸுக்கு மாற்றினோம். சோதனை நிரலைப் புதிதாக எழுதிக் கொடுத்தவர் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் நெட்வொர்க் கார்டு மட்டும் கம்ப்யூட்டரின் கண்ணில் படவில்லை. கார்டு நல்ல கார்டு. செருகிய இடத்தில்தான் இருக்கிறது. இயங்குதளம் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது.

மூன்றாவது பெஞ்சின் ஆபரேட்டர் கர்நாடக எல்லையை ஒட்டிய தளிப் பக்கத்துப் பெண். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கல்யாணமாகி ஒரு வருடம். தினமும் காலையில் என்னிடம் "ஊட்டா ஆச்சா மேடம்?" என்று, சாப்பாடு ஆயிற்றா என்பதைக் கன்னடத்தில்தான் கேட்பாள். கார்டு விஷயத்தை என் மகள் அவளுக்கு விளக்கியதும் அவள் சொன்னாள்:

"எங்க மாமியாவாட்டங் அக்கா. நேரா எதிர்ல போயி நின்னாலும், 'யாரோ வந்தாப்ல இருக்குது'ம்பாங்க."

"உங்க மாமியாருக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"டம்ளர டங்குனு வெப்பன். அப்ப தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். நான் அதட்டினேன். எனக்கு, பெஞ்சுகளைப் பார்க்க வாடிக்கையாளர் வரவிருந்த தணிக்கை பற்றிய கவலை.

என் மகள் இரண்டு நாளில் ஒரு வழி சொன்னாள். இந்தப் பழைய வகைக் கார்டுகள் தாமாகத் தம்மைப் பற்றிச் சொல்லாது. ஒவ்வொன்றும் ஒரு முகவரியில் உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க் கார்டு எந்த முகவரியில் இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், கெர்னல் நேராக அங்கே போய்ப் பேசும். கெர்னல் என்றால் இயங்குதளத்தின் உள்மையம். முதல் பெஞ்சில் அப்படிச் செய்து காட்டினாள். வேலை செய்தது.

எனக்கு அது போதவில்லை. ஆறு பெஞ்சிலும் நெட்வொர்க் கார்டின் முகவரி ஒன்றுபோல் இல்லை. கார்டு பழுதானால் எலக்ட்ரீஷியன் வேறொன்றை எடுத்துச் செருகிவிட்டுப் போவார். அதில் வேறு முகவரி இருக்கும். ஒவ்வொரு முறையும் யார் உட்கார்ந்து எழுதுவது? "ஆறு பெஞ்சுக்கும் ஒரே டிஸ்க்தான். கார்டு எங்க இருந்தாலும் அதுவா கண்டுபிடிக்கணும்" என்றேன்.

"எழுதிக் குடுக்கறதுதான் மேடம் சேஃப்."

"எத்தன தடவ எழுதுவ? அதுவா கண்டுபிடிக்கட்டும்."

மூன்று வாரம் அவள் அதில் உட்கார்ந்தாள். கெர்னலின் மூலநிரலைப் பக்கம் பக்கமாக அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து முதல் வரியிலிருந்து படித்தாள். ஒரு முறை கெர்னலைத் தொகுக்க, அதாவது கம்பைல் செய்ய, அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு அரை நாள் பிடித்தது. கடைசியில் நெட்வொர்க் கார்டுக்கான நிரலைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்தாள். இனி கம்ப்யூட்டர் கிளம்பும்போதெல்லாம் கெர்னல் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு, முந்நூறு, இருநூற்றெண்பது, முந்நூற்றிருபது என்று முகவரி முகவரியாகப் போய், ஒரு எண்ணை அங்கே எழுதிப் பார்த்து, பதில் வருகிற விதத்தை வைத்துக் கார்டை அடையாளம் காணும். ஆறு பெஞ்சிலும் ஒரே டிஸ்க்கின் நகல். ஆறிலும் கார்டு தெரிந்தது. நான் கேன்டீனில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். "எம் பொண்ணு" என்று அன்றைக்கு மட்டும் தொழிற்சாலைக்குள் சொன்னேன்.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை தணிக்கை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் என் மேசைக்கு வந்தாள். "மேடம், கம்ப்யூட்டர் கிளம்பும்போது ரிலே ஒரு தடவ அடிக்குது. டிக்குனு கேக்குது. ஆறுலயும்."

காலையில் கம்ப்யூட்டர்களைத்தான் முதலில் போடுவோம். காற்று வால்வை ஆபரேட்டர்கள் டீ குடித்துவிட்டு வந்துதான் திறப்பார்கள். அதனால் ரிலே அடித்தாலும் க்ளாம்ப் அசையாது. சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்தையும் அவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

"கார்டு தன்னையே டெஸ்ட் பண்ணிக்கும்" என்றேன். எனக்கு அது தெரியாது. தோன்றியதைச் சொன்னேன்.

"முன்னாடி அடிக்கலையே? ரிலே கார்டு முந்நூறுல இருக்கு. கெர்னல் மொதல்ல தேடுற இடமும் அதுதான். ஒரு நாள் குடுங்க மேடம். அந்த முகவரிய மட்டும் தொடாதேன்னு ஒரு வரி எழுதிடலாம். எழுதிட்டு ஆறையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும்."

"வியாழக்கிழம முடியட்டும்."

"ஒரே ஒரு நாள்."

"இப்ப ஓடுது. ஓடறதத் தொடாத. வெள்ளிக்கிழம நீ என்ன வேணா பண்ணு."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் வீட்டில் எதிர்த்துப் பேசுபவள்தான். மேடம் என்று கூப்பிடச் சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கு இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு மூன்றாவது பெஞ்சின் திரை அசையாமல் நின்றுவிட்டது. ஆபரேட்டர் கூப்பிட்டாள். நான் போனேன். எந்த விசையை அழுத்தியும் பயனில்லை. ரீசெட் பட்டனை அழுத்தினேன். திரை கறுத்தது.

கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் க்ளாம்ப் அசையாது. இது அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி கிளம்பி முடிவதற்குள்தான் தாங்கியைத் துடைப்பார்கள். ஓடும்போது கை விடாதே, அணைந்திருக்கும்போது துடை. வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்த ஆபரேட்டருக்கும் சொல்லியிருந்தேன். திரை கறுத்ததும் அவள் துணியை எடுத்துத் தாங்கியைத் துடைக்க ஆரம்பித்தாள். காற்று வால்வு திறந்திருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்துகள் மேலே ஓட ஆரம்பித்தன.

டிக் என்று கேட்டது. நான் கேட்டேன். கேட்ட அதே நொடியில் க்ளாம்ப் இறங்கிவிட்டது.

அடுத்து நடந்ததை நான் எழுதப் போவதில்லை. என் துப்பட்டாவைச் சுற்றி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வண்டியில் மருத்துவமனைக்குப் போனேன். வழியெல்லாம் அவள் கன்னடத்தில் அவள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது கணுவோடு போய்விட்டன.

மறுநாள் தணிக்கை நடந்தது. மற்ற ஐந்து பெஞ்சுகளை வைத்து நடத்தினார்கள். நான் அருகில் நின்று விளக்கினேன்.

வெள்ளிக்கிழமை மேலாளரின் அறையில் விசாரணை. இரண்டு பட்டனும் அழுந்தாமல் க்ளாம்ப் இறங்காது, ஆகவே ஆபரேட்டர் ஒரு பட்டனை ஏதாவது வைத்து அடைத்துவிட்டு ஒரு கையை உள்ளே விட்டிருக்கிறாள் என்று அறிக்கை தயாராக இருந்தது. அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஒரு ரப்பர்த் துண்டைப் பட்டனில் செருகிவிட்டால் வேலை வேகமாக நடக்கும். மூன்றாவது பெஞ்சின் அடியில் ஒரு ரப்பர்த் துண்டு கிடந்தது. தேடியிருந்தால் ஆறு பெஞ்சின் அடியிலும் கிடைத்திருக்கும்.

கதவைத் தட்டிவிட்டு என் மகள் உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கையில் அச்செடுத்த காகிதம்.

"சார், அந்தக்கா பட்டனை அடைக்கல. கெர்னல் நெட்வொர்க் கார்டத் தேடும்போது முந்நூறுல ஒரு எண்ண எழுதுது. கம்ப்யூட்டரோட ஹெக்ஸ் கணக்குல அறுபத்தொண்ணு. அத ரிலே ரிலேயா பிரிச்சா ஒண்ணாவது, ஆறாவது, ஏழாவது ரிலே ஆன் ஆகும். ஒண்ணாவது ரிலேதான் சார் க்ளாம்ப். காத்து இருந்தா இறங்கிடும். தேடற மாதிரி தொகுத்தது நான்தான். இன்னும் அஞ்சு பெஞ்சுல அது ஓடுது."

மேலாளர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அது புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, உங்க பொண்ணு சொல்றது சரியா? அப்பிடின்னா கேஸ் வேற மாதிரில்ல போகும். யாரு செஞ்சது, யாரு அனுமதிச்சதுன்னு எழுதணும். போலீஸ் வரும்."

எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. டிக் சத்தம் கேட்ட நொடியிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அந்த அறையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காவல் நிலையமும், அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மகளும்தான். இருபத்திரண்டு வயது. இதுதான் முதல் வேலை. நான் சொன்னேன்:

"ட்ரெய்னி சார். புஸ்தகத்துல படிச்சத வச்சு ஏதோ சொல்றா. ரிலே கார்டு தன்னையே டெஸ்ட் பண்ணிக்கற சத்தம் அது. அதுக்கெல்லாம் க்ளாம்ப் இறங்காது."

பதினெட்டு வருட அனுபவம் உள்ளவள் சொன்னதை மேலாளர் ஏற்றுக்கொண்டார். காகிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு விடையைச் சரிபார்க்கிறவளின் முகம். அம்மா என்றும் கூப்பிடவில்லை, மேடம் என்றும் கூப்பிடவில்லை. வெளியே போனாள்.

அறிக்கையில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியம் அவள் யாரிடமும் கேட்காமல் ஆறு டிஸ்க்கிலும் அந்த ஒரு வரியை எழுதினாள். முந்நூறிலிருந்து பதினாறு இடங்களை யாரும் தொடக்கூடாது என்று கெர்னலுக்குச் சொல்லும் வரி. ஒவ்வொரு பெஞ்சிலும் காற்று வால்வைத் திறந்துவைத்து, பக்கத்தில் யாரையும் விடாமல், கம்ப்யூட்டரைப் பத்து முறை அணைத்துப் போட்டாள். நான் தூரத்தில் நின்றேன். எந்தப் பெஞ்சிலும் சத்தம் இல்லை. எல்லாவற்றிலும் நெட்வொர்க் கார்டு தெரிந்தது. முழுதாக முடிக்க அவளுக்கு நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் கேட்டது ஒரு நாள்.

அடுத்த வாரம் பெங்களூருக்குப் போய்விட்டாள். எந்த நிறுவனம், எங்கே அறை என்றெல்லாம் அவள் அப்பாவிடம்தான் சொன்னாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நான் வாசலில் நின்று, "போயிச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணும்மா" என்றேன். "அப்பாவுக்குப் பண்றேன்" என்றாள். பண்ணினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பண்ணுகிறாள். அவர் பேசி முடித்துவிட்டு ஃபோனை என் பக்கம் நீட்டுவார். அதற்குள் அந்தப் பக்கம் வைத்திருப்பாள்.

ஆபரேட்டரை மறுபடி வேலைக்கு எடுக்கவில்லை. பட்டனை அடைத்தவள் என்று அறிக்கை இருந்ததால், வேறு தொழிற்சாலைகளிலும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தளிக்கு பஸ் ஏறினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று பாதி வழி தாண்டும்வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டு முன்னால் கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பழக்கத்தில், "ஊட்டா ஆச்சா மேடம்?" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். "ஒனக்கு நடந்தது ஒன் தப்பில்ல" என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங் மேடம். அக்கா வந்து சொல்லிச்சு."

"எந்த அக்கா?"

"உங்க பொண்ணுதாங். ரெண்டு தடவ வந்துச்சு. கடுதாசி கூட எழுதிக் குடுத்துச்சு. யார்ட்ட வேணா காட்டுங்கன்னு சொல்லிச்சு. எனக்குத் தமிழு பேசத்தான் வரும், படிக்க வராது. இஸ்கூல்ல கன்னடந்தானே. அது படிச்சுக் காட்டுச்சு. இருங்க, எடுத்தாரன். நீங்களும் ஒருக்கா படிங்க. மறுக்கா கேக்கணும்னு இருந்தன், இங்க யாருக்கும் வராது."

பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள். என் மகளின் கையெழுத்து, இரண்டு தாளில் இரண்டு பக்கம். நான் சத்தமாகப் படித்தேன். முந்நூறாம் முகவரியில் ரிலே கார்டு இருந்தது. அங்கே தேடும்படி கெர்னலைத் தொகுத்தது நான். க்ளாம்ப் இறங்கியதற்கு ஆபரேட்டர் எந்த வகையிலும் காரணமல்ல. அவர் பட்டனை அடைக்கவில்லை. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது துடைப்பது அங்கே சொல்லிக் கொடுக்கப்பட்ட வழக்கம். தவறு முழுக்க என்னுடையது. கீழே முழுப்பெயர், பெங்களூர் முகவரி, கையெழுத்து.

இரண்டு பக்கத்திலும் என்னைத் தேடினேன். செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் வந்து சொன்னது இல்லை. ஒரு நாள் கேட்டது இல்லை. ரீசெட் பட்டனை அழுத்தியது யார் என்பது இல்லை. அந்த அறையில் நான் சொன்னதும் இல்லை.

"இத ஏன் யார்ட்டயும் காட்டல?" என்றேன்.

"காட்டினா அக்காவுக்கும் வேல போயிருமில்லீங்க. எனக்குப் போனது போச்சு."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். என் மகளின் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஆரம்பித்து, பின்பக்கம் முழுக்க எழுதினேன். இந்தக் கோளாறை விபத்துக்கு முந்தின நாளே கண்டுபிடித்து என் மகள் என்னிடம் சொன்னாள். சரிசெய்ய ஒரு நாள் கேட்டாள். தணிக்கைக்காக நான் கொடுக்கவில்லை. காற்று திறந்திருக்கும்போது ரீசெட்டை அழுத்தியவள் நான். விசாரணையில் பொய் சொன்னவளும் நான். பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவள் இதையும் படித்துக் காட்டச் சொன்னாள். மகள் எழுதியதை நிறுத்தாமல் படித்திருந்தேன். நான் எழுதியதில் நடுவில் இரண்டு முறை நின்றேன். அவள் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத அன்னிக்கே விசாரணைல சொல்லியிருக்கலாம் மேடம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "உங்க பொண்ணுக்காகத்தாங் சொல்லாம இருந்தீங்கன்னு தெரியுது. எங்கம்மாவும் அப்டித்தான் இருந்திருக்கும். ஆனா நானும் ஒருத்தி பொண்ணுதானே."

சொல்ல இருந்ததெல்லாம் காகிதத்தில் இருந்தது.

ஊரில் நகலெடுக்கும் கடைக்கு இருவரும் நடந்து போனோம். இரண்டு நகல் எடுத்தேன். அசலை அவளிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை ஒன்றை மேலாளரின் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "அஞ்சு மாசம் கழிச்சு இது எதுக்கும்மா?" என்றார். விசாரணை மறுபடி திறந்தது. அது தனிக் கதை. என் வேலை அதில் போனது. ஆபரேட்டர் பட்டனை அடைத்தாள் என்று எழுதியிருந்ததை நீக்கினார்கள்.

இன்னொரு நகலை பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு, அந்தக் கடிதத்தில் இருந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். கூட எதுவும் எழுதவில்லை. கிடைத்துவிட்டது என்று அவள் அப்பா வழியாகத் தெரியும். வேறெதுவும் சொல்லவில்லையாம். அவள் எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படிக்கிறவள், இதையும் படித்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் அடிக்கும்போது இப்போதெல்லாம் நான் பக்கத்தில் போய் நிற்பதில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.